வள்ளத்தில் அடித்த ஆணி

பொன்முடி மலையில் மழை பெய்கிறது. அந்தத் தண்ணீர் கல்லாற்றில் இறங்குகிறது. கல்லாறு வாமனபுரம் ஆற்றில் சேர்கிறது. அந்த ஆறு அஞ்சுதெங்குக் காயலுக்குப் போகிறது.

லாரிகள் வருவதற்கு முன் நெல்லும் தேங்காயும் கயிறும் எப்படிப் போயின? காயல், கால்வாய் வழியே வள்ளங்களில் போயின. அவை கெட்டுவள்ளங்கள். 'கெட்டு' என்றால் கட்டு. அதில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைப்பார்கள். இடுக்கில் தேங்காய் நாரை வைப்பார்கள். முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவார்கள்.

ஒரு வள்ளக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். கோடை முழுவதும் அவர் வள்ளம் கரையில் காய்ந்தது. மழைக்காலத்தில் அதைத் தண்ணீரில் இறக்கினார். வள்ளம் கசிந்தது.

"ஆசாரிக்கு எதற்குக் கூலி? நானே சரிசெய்வேன்" என்றார். இரண்டு இரும்பு ஆணிகள் அடித்தார். உள்பக்கம் சிமென்ட் பூசினார். கசிவு நின்றது.

சில நாட்கள் கழிந்தன. நடுக்காயலில் சிமென்ட் பெயர்ந்தது. தண்ணீர் குபுகுபுவென்று உள்ளே வந்தது. கூட வந்த மகன் அழுதுகொண்டே தண்ணீரை இறைத்தான். எப்படியோ கரை சேர்ந்தார்கள்.

வயதான ஆசாரி வந்து பார்த்தார்.

"தம்பி, நனைந்தால் பலகை ஊதும். காய்ந்தால் சுருங்கும். கயிறு அதற்கு இடம் கொடுக்கும். ஆணியும் சிமென்டும் கொடுக்காது. உப்புத் தண்ணீரில் ஆணி துருப்பிடிக்கும். ஓட்டை பெரிதாகும். உள்ளே பூசினால், வெளியே உள்ள தண்ணீர் அதைத் தள்ளிவிடும்."

"அப்படியானால் என்ன செய்வது, மாமா?"

"முதலில் கரையோரம் கட்டி நனையவிடு. பலகை ஊதினால் சிறு கசிவு தானே நிற்கும். நிற்காவிட்டால் என்னைக் கூப்பிடு. ஆள் ஏற்றாதே."

இயந்திரப் படகிலும் இப்படித்தான். 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில் ஓர் உல்லாசப் படகு கவிழ்ந்தது. 22 பேர் இறந்தார்கள். அது மீன்பிடிப் படகை மாற்றிச் செய்த படகு. அதில் அளவுக்கு மீறி ஆட்களும் ஏறியிருந்தார்கள். மேல்தட்டில் ஆட்கள் கூடினால் படகு எளிதில் சாயும். அதனால் படகின் அமைப்பை நம் விருப்பப்படி மாற்றக்கூடாது. 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி இயந்திரப் படகுக்குப் பதிவும் தகுதிச் சான்றும் வேண்டும்.

படகைக் கழுவலாம். எண்ணெய் பூசலாம். தினமும் கசிவு பார்க்கலாம். இவை நம் வேலை. தையலும் பலகையும் ஆசாரியின் வேலை.

கூலி பெரிதா? மகன் உயிர் பெரிதா?

பயிற்சி
1. கெட்டுவள்ளத்தில் ஏன் ஆணி அடிக்கக்கூடாது?
2. சிமென்ட் ஏன் பெயர்ந்தது?
3. உங்கள் வீட்டில் நீங்களே பழுதுபார்த்துக் கெட்டுப்போன பொருள் எது? ஐந்து வரி எழுதுங்கள்.