டிக் போடும் முன்

அன்புள்ள தங்கைக்கு,

இன்ஸ்ட்ருமென்டேஷன் படிப்பு முடியப்போகிறது, வேலைக்குப் போகுமுன் ஆலைக் கட்டுப்பாட்டுக்கான எந்த டி.சி.எஸ். மென்பொருளைக் கற்றுக்கொள்ளலாம் என்று கேட்டிருந்தாய். யோகோகாவாவின் சென்டம், எமர்சனின் டெல்டா வி, ஹனிவெல்லின் எக்ஸ்பீரியன், சீமென்ஸின் பி.சி.எஸ். 7 என்று நான்கு பெயர்களையும் வரிசையாக எழுதியிருந்தாய். வேலை விளம்பரங்கள் இந்தப் பெயர்களைத்தான் கேட்கின்றன, அதனால் கேள்வி நியாயமானதே. ஆனால் நான்கில் எதைத் திறந்தாலும் அடிப்படை ஒன்றுதான். ஒரு பக்கம் ஃபங்ஷன் பிளாக்குகளின் பட்டியல் இருக்கும். நடுவில் அவற்றை இழுத்துப் போட்டுக் கோடுகளால் இணைக்க இடம் இருக்கும். எந்தப் பிளாக்கைத் தொட்டாலும் நிரப்பச் சொல்லி ஏராளமான கட்டங்கள் விரியும். இழுத்துப் போடுவதைச் சில வாரங்களில் பழகிவிடலாம். கட்டங்களில் என்ன எழுதுவது என்பதற்குத்தான் சம்பளம். எழுதும் வேலையை மென்பொருள் எவ்வளவு சுலபமாக்குகிறதோ, அந்த அளவுக்கு யோசிக்காமல் எழுதிவிடும் ஆபத்தும் கூடுகிறது. இந்தக் கடிதம் முழுக்க அதைப் பற்றித்தான்.

ஒரு காலத்தில் கட்டுப்பாட்டு அறை என்றால் சுவர் நீளப் பலகை. அதில் ஒரு அலாரம் வேண்டுமானால் களத்தில் ஒரு சுவிட்ச் பொருத்தி, அங்கிருந்து கேபிள் இழுத்து, பலகையில் ஒரு விளக்குச் சன்னலை அதற்கென ஒதுக்க வேண்டும். சன்னல்கள் எண்ணிக்கையில் குறைவு. பணமும் இடமும் செலவானதால், 'இந்த அலாரம் எதற்கு?' என்று யாராவது கேட்டே தீருவார்கள். 1975-இல் ஹனிவெல்லின் டி.டி.சி. 2000-மும் யோகோகாவாவின் சென்டமும் வந்தபின் அந்தப் பலகை மெல்ல மெல்லத் திரைக்குள் போனது. இன்று ஒரு அனலாக் பிளாக்கைப் போட்டாலே மிக உயர்வு, உயர்வு, தாழ்வு, மிகத் தாழ்வு, விலகல், மாற்ற வேகம், சிக்னல் பழுது என்று அத்தனை அலாரங்களும் கூடவே தயாராக வந்துவிடும். தேவையானது ஒரு டிக் மட்டும். செலவு போனது நல்லதுதான். செலவோடு சேர்ந்து அந்தக் கேள்வியும் போய்விட்டதுதான் சிக்கல்.

அதன் விளைவைப் பார்க்க 1994 ஜூலை 24-க்குப் போக வேண்டும். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், மில்ஃபோர்டு ஹேவன் அருகே இருந்த டெக்ஸாகோ சுத்திகரிப்பு ஆலையில் காலையில் இடி மின்னலால் இயக்கம் குலைந்தது. ஒரு கோபுரத்திலிருந்து திரவத்தை வெளியேற்றும் வால்வு மூடிக் கிடந்தது. ஆனால் கட்டுப்பாட்டுத் திரை அது திறந்திருப்பதாகவே காட்டியது. உள்ளே திரவம் வந்துகொண்டே இருந்தது, வெளியே போக வழியில்லை. ஏறத்தாழ ஐந்து மணி நேரம் கழித்து எரிவாயு விடுகுழாய்த் தொகுதி உடைந்து சுமார் 20 டன் ஹைட்ரோகார்பன் வெளியேறி வெடித்தது. 26 பேர் காயமடைந்தார்கள். வெடிப்புக்கு முந்தைய 11 நிமிடங்களில் இரண்டு ஆபரேட்டர்களின் முன் வந்து விழுந்த அலாரங்கள் 275. ஏறக்குறைய இரண்டரை விநாடிக்கு ஒன்று! அவற்றில் பெரும்பாலானவை 'உயர் முன்னுரிமை' என்று குறிக்கப்பட்டிருந்தன. எல்லாமே அவசரம் என்றால் எதுவுமே அவசரமில்லை என்றுதானே ஆகும்? அங்கே அலாரம் அடிக்காமல் இல்லை. முக்கியமானவை கூட்டத்தில் தொலைந்துபோயின. அந்தக் கூட்டத்தைச் சேர்த்தவர் யாரும் தீயவர் அல்லர். ஒவ்வொரு டிக்கும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமாகவே தோன்றியிருக்கும்.

'அதிகத் தகவல் இருப்பதில் என்ன கெடுதல்? வேண்டாததை ஆபரேட்டர் ஒதுக்கிவிடலாமே' என்று கேட்பாய். பெரிய பொறியாளர்களும் இதைச் சொல்வார்கள். விபத்துக்குப் பின் 'நீங்கள் ஏன் அலாரம் வைக்கவில்லை?' என்று கேட்பார்களோ என்ற அச்சமும் இதற்குள் ஒளிந்திருக்கிறது. ஆனால் ஒதுக்குவதும் ஒரு வேலை. அதற்கும் கவனம் செலவாகும். பிரிட்டனில் 1999-இல் வெளியான, அலார அமைப்புகளுக்கான ஈமுவா 191 வழிகாட்டி, சாதாரண நேரத்தில் ஒரு ஆபரேட்டருக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு அலாரம் என்பதையே ஏற்கத்தக்க அளவாக வைக்கிறது. முன்னுரிமையிலும் உயர்வு 5 விழுக்காடு, நடுத்தரம் 15, மீதி 80 தாழ்வு என்ற அளவில் பங்கிடச் சொல்கிறது. ஒரு அலாரத்தைச் சேர்க்குமுன் அது அடித்தால் ஆபரேட்டர் என்ன செய்வார், செய்ய எவ்வளவு நேரம் இருக்கும், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று எழுதிப் பார். முதல் கேள்விக்கே விடை இல்லையென்றால் அது அலாரமே அல்ல. அதைத் திரையில் ஒரு தகவலாக வைத்தால் போதும். இப்போதைய மென்பொருள்கள் சிலவற்றில் இந்த விடைகளை எழுதவே தனிக் கட்டங்கள் உண்டு. அவை காலியாக இருந்தாலும் கன்ட்ரோலருக்கு டவுன்லோடு தடையின்றி நடக்கும் என்பதையும் நினைவில் வை.

அலாரம் எல்லோர் கண்ணிலும் படுவது. யார் கண்ணிலும் படாத ஒன்றைச் சொல்கிறேன். 4 முதல் 20 மில்லியாம்பியர் சிக்னல் தரும் டிரான்ஸ்மிட்டர் பழுதானால் அதன் வெளியீடு மேலே போக வேண்டுமா, கீழே போக வேண்டுமா என்று நாமே அமைக்கலாம். நாமூர் என்ற தொழில்துறை அமைப்பின் பரிந்துரைப்படி 3.6-க்குக் கீழோ 21-க்கு மேலோ போனால் அது பழுது. மென்பொருளில் இது ஒரு சிறு டிராப்-டவுன், இரண்டே தெரிவுகள். கொதிகலனின் நீராவி டிரம்மில் நீர்மட்டம் அளக்கும் டிரான்ஸ்மிட்டரை எடுத்துக்கொள். பழுதின்போது அளவீடு மேலே போகும்படி வைத்தாய், கன்ட்ரோலரும் அந்த அளவீட்டை நம்புகிறது என்றால், டிரம் நிரம்பிவிட்டதாக எண்ணி அது நீர் வால்வை மூடும். டிரம் வற்றும், குழாய்கள் சூடேறி வெடிக்கக்கூடும். கீழே போகும்படி வைத்தால் வால்வு முழுக்கத் திறக்கும், நீராவியோடு நீரும் சேர்ந்து போய் டர்பைனைத் தாக்கும். ஆக டிராப்-டவுனில் சரியான விடையே இல்லை. பழுதான சிக்னலைக் கன்ட்ரோலர் அடையாளம் கண்டு, வால்வை இருந்த நிலையிலேயே நிறுத்தி, மேனுவலுக்கு மாறி, ஆபரேட்டரை அழைக்க வேண்டும். இதைவிட நல்லது மூன்று டிரான்ஸ்மிட்டர் வைத்து நடுமதிப்பை எடுப்பது. இதைத் தெரிந்துகொள்ள எந்த மென்பொருளின் கையேடும் உதவாது, கொதிகலன் தெரிந்திருக்க வேண்டும். ஒரு தெரிவை நீ தொடாமல் விட்டால் அது முடிவெடுக்கப்படாமல் இருப்பதில்லை. உன் ஆலையைப் பார்த்தேயிராத யாரோ வைத்த டீஃபால்ட் உனக்காக முடிவெடுத்துவிடுகிறது.

'அதற்குத்தானே டெம்ப்ளேட்டுகளும் லைப்ரரிகளும்? ஒருமுறை நன்றாகச் செய்துவிட்டால் ஆயிரம் கட்டுப்பாட்டு லூப்புக்கு நகலெடுக்கலாமே' என்பது இரண்டாவது மறுப்பு. இதில் பாதி உண்மை. நல்ல டெம்ப்ளேட் இல்லாமல் பெரிய ஆலையைக் கட்ட முடியாது. ஆனால் நகல் எடுக்கும்போது எண் வரும், எண்ணின் பொருள் வராது. சமையல் குறிப்பில் உப்பு ஒரு கரண்டி என்று இருந்தால் எந்தக் கரண்டி என்று கேட்பதில்லையா? கன்ட்ரோலரின் பி.ஐ.டி. எண்களும் அப்படித்தான். டெல்டா வி-யில் பெருக்கத்தை கெயினாக எழுதுகிறோம். சென்டத்தில் அதே இடத்தில் விகிதப் பட்டையை விழுக்காட்டில் கேட்கிறார்கள். கெயின் 0.5 என்றால் பட்டை 200. பழைய ஆலையிலிருந்து 0.5-ஐ அப்படியே பட்டையாகத் தட்டச்சு செய்தால் கெயின் 200 ஆகிவிடும், 400 மடங்கு முரட்டுத்தனம். இன்டெக்ரல் நேரத்தைச் சில மென்பொருள்கள் நிமிடத்தில் கேட்கும், வேறு சில விநாடியில். அங்கே பிசகினால் 60 மடங்கு. சரியான எண்ணையும் தவறான எண்ணையும் மென்பொருள் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்ளும், ஏனென்றால் இலக்கண அளவில் இரண்டும் சரி.

எண்ணுக்குப் பின்னால் இருக்கும் பொருள் தவறினால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்ஸாஸ் சிட்டியில் பி.பி. சுத்திகரிப்பு ஆலையில் நடந்த வெடிப்பு சாட்சி. 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயமடைந்தார்கள். 170 அடிக் கோபுரத்தில் திரவம் ஏறக்குறைய 158 அடி வரை ஏறியிருந்தபோது மட்டக் கருவி சுமார் 8 அடி என்று காட்டியது, அதுவும் மெல்லக் குறைந்துகொண்டே! கோபுரத்தின் அடிப்பகுதியை மட்டுமே அளக்கும் கருவி அது, பழைய தாளிலிருந்து எடுத்த அடர்த்தி மதிப்போடு அளவிடப்பட்டிருந்தது. கோபுரத்துக்குள் எவ்வளவு போகிறது, எவ்வளவு வெளியேறுகிறது என்ற இரண்டு எண்களும் வெவ்வேறு திரைகளில் இருந்தன. அருகருகே இருந்திருந்தால் உள்ளே போவது வெளியே வரவில்லை என்று யாருக்காவது உறைத்திருக்கலாம். விபத்துக்குக் காரணங்கள் பல, பயிற்சிக் குறைவும் களைப்பும் அவற்றில் அடக்கம். ஆனால் ஒரு எண்ணை எந்தத் திரையில் வைப்பது என்பதும் ஒரு பொறியியல் முடிவு என்பதை எந்தப் பாடத்திட்டமும் இவ்வளவு அழுத்தமாகச் சொல்லாது.

கடைசியாக ஒரு மறுப்பு. 'எல்லாம் மென்பொருளின் டேட்டாபேஸிலேயே இருக்கிறதே, தனியாக எதற்கு எழுதி வைக்க வேண்டும்?' அங்கே இருப்பது என்ன அமைத்தோம் என்பது மட்டும். ஏன் அமைத்தோம் என்பது பல நேரம் இருக்காது. உயர்வு அலாரம் 82 விழுக்காடு என்று பார்க்கும் அடுத்த பொறியாளருக்கு அது பம்ப்பைக் காப்பாற்ற வைத்ததா, சும்மா வைத்ததா என்று தெரியாது. தெரியாததால் தொடப் பயப்படுவார், அல்லது பயமின்றி மாற்றுவார். தவிரவும், மென்பொருள் காட்டுவதே கன்ட்ரோலரில் ஓடுகிறது என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. 2010-இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல், சீமென்ஸின் ஸ்டெப் 7 மென்பொருள் பி.எல்.சி. என்ற கன்ட்ரோலரோடு பேசும் கோப்பையே மாற்றி வைத்தது. பொறியாளர் நிரலைத் திறந்து பார்த்தால் தன் பகுதியை மறைத்துச் சுத்தமான நிரலைக் காட்டியது. ஈரானின் நதான்ஸ் அணு ஆலையில் சென்ட்ரிஃபியூஜ்கள் சேதப்பட்டது அப்படித்தான். இது உளவு அமைப்புகள் தரத்திலான தாக்குதல், உன் முதல் வேலையில் நீ சந்திக்கப் போவதில்லை. ஆனாலும் மென்பொருளுக்கு வெளியே, கையெழுத்தோடு ஒரு பிரதி இருந்தால்தான் ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது இருக்கும்.

ஆகவே உன் கேள்விக்கு விடை: நான்கில் எது கிடைக்கிறதோ அதைப் படி. அதற்கு முன் ஐ.இ.சி. 61131-3 தரநிலையின் ஃபங்ஷன் பிளாக், ஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் இரண்டையும் கோடெசிஸில் பழகிக்கொள். அது இலவசம், கன்ட்ரோலர் கையில் இல்லாமலே கணினியில் ஓட்டிப் பார்க்கலாம். கூடவே ஒன்று செய். நான் சொன்ன டிரம் நீர்மட்ட லூப்பை எடுத்து, மென்பொருளைத் திறக்காமல், ஒரு வெள்ளைத் தாளில் டேக் பெயர், அளவீட்டு வீச்சு, அடர்த்தியை எந்த வெப்பநிலையில் எடுத்தாய், வால்வு காற்று நின்றால் திறக்குமா மூடுமா, சிக்னல் பழுதானால் என்ன, எந்தெந்த அலாரம், ஒவ்வொன்றுக்கும் ஆபரேட்டர் செய்ய வேண்டியது என்ன என்று எழுது. நிச்சயமாக இரண்டு மூன்று இடங்களில் பேனா நிற்கும். நின்ற இடங்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டு எனக்கு அனுப்பு. அடுத்த கடிதத்தில் அங்கிருந்து பேசுவோம்.

அன்புடன்,
அண்ணன்