மறதிக்குக் காரணம் மாத்திரையா?



திருமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வயதான தாயாரை அவர் மகன் எங்களிடம் அழைத்துவந்தார். கணவர் இறந்தபின் மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டுவந்தவர். "அம்மா அடுப்பில் வைத்ததையே மறந்துவிடுகிறார். மாத்திரைதான் மூளையைக் கெடுக்கிறது என்றார்கள், பத்து நாளாக நிறுத்திவிட்டோம்" என்றார் மகன். தாயாரோ தலைசுற்றலும் தூக்கமின்மையுமாய், "நான் ஏன் இன்னும் உயிரோடிருக்கிறேன்?" என்று அழுதார்.

மாத்திரையால் மறதி வருமா? இதை நம் சபையார் பலரும் கேட்கிறார்கள்.

முதலாவது, மனச்சோர்வே மறதியைத் தரும். துக்கத்தில் மூழ்கிய மனம் எதையும் கவனித்து வாங்கிக்கொள்வதில்லை. வாங்கிக்கொள்ளாததை எப்படி நினைவுகூர முடியும்? வியாதி சுகமாகும்போது இந்த மறதி பெரும்பாலும் குறையும்.

இரண்டாவது, சில மாத்திரைகளும் காரணமாகலாம். 1950களில் வந்த இமிப்ரமின், பின்பு வந்த அமிட்ரிப்டிலின் போன்றவை, நினைவாற்றலுக்குத் தேவையான அசிட்டைல்கோலின் என்னும் மூளை இரசாயனத்தின் வேலையைத் தடுக்கின்றன. அதனால் வாய் உலரும், மலச்சிக்கல் வரும். முதியோருக்கு மறதியும் குழப்பமும் வரலாம். ஃபுளுவாக்சடின், செர்ட்ராலின் போன்ற பிந்திய மருந்துகளில் இத்தொல்லை குறைவு. ஆனாலும் முதியோர் சிலருக்கு அவற்றால் இரத்தத்தில் சோடியம் குறைந்து குழப்பம் உண்டாகும். இரத்தப் பரிசோதனையில் இது தெரிந்துவிடும்.

அப்படியானால் என்ன செய்வது? நீங்களாக நிறுத்தாதிருங்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள். காசநோய் மாத்திரையைப் பாதியில் விடக்கூடாது என்று நம் ஊரில் எல்லாரும் அறிவர். இதுவும் அப்படியே. திடீரென்று விட்டால் தலைசுற்றல், பதற்றம் வரும். பழைய சோர்வும் திரும்பும். சுகமானபின்பும் குறைந்தது 6 மாதம் தொடர்ந்து, மருத்துவர் சொற்படி சிறிது சிறிதாகவே குறைக்கவேண்டும். வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். தூக்க மாத்திரையும் சளி மாத்திரையும்கூட மறதி தரலாம். தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு உண்டா என்றும் பார்க்கவேண்டும்.

அந்தத் தாயார் சாப்பிட்டது அமிட்ரிப்டிலின். மருத்துவர் வேறு மருந்து கொடுத்தார். இரண்டு மாதம் கழித்து வந்தபோது, பேரப்பிள்ளைகள் ஏழு பேரின் பெயரையும் வரிசையாய்ச் சொல்லிச் சிரித்தார். மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்று சிலர் நினைக்கிறார்கள். சூரைச்செடியின்கீழ் சாகவேண்டும் என்று விரும்பிய எலியாவைத் தேவன் கடிந்துகொள்ளவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்து, தூங்கவும் விட்டார். சரீரத்தின் தேவையை அவர் அறிந்திருந்தார்.

உங்கள் வீட்டிலோ சபையிலோ இப்படிச் சோர்ந்திருப்பவருக்காக ஜெபியுங்கள். மருத்துவரிடம் கூடவே போங்கள். "சாகவேண்டும்" என்று ஒருவர் சொன்னால் அவரைத் தனியே விடாதிருங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணைக் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம்.