பழுது நாடும் நெறி

பொருநையாறு பொதிகை மலையிலே தோன்றிப் பாபநாசத்தில் சமவெளியை அடைகின்றது. அதன் குறுக்கே அமைந்த எட்டு அணைக்கட்டுகளிலிருந்து கால்வாய்கள் பிரிந்து வயல்களை ஊட்டுகின்றன. சுத்தமல்லி அணையினின்று புறப்படும் நெல்லைக் கால்வாய் அவற்றுள் ஒன்று. கடைமடையில் நீர் வாராதொழியின் உழவன் என் செய்வான்? கண்ட இடமெல்லாம் கரையை வெட்டுவானோ? வெட்டான். தலைமடையில் நீர் உளதா என்று முதலிற் காண்பான். பின்னர் ஒவ்வொரு மடையாகப் பார்த்துக்கொண்டே நடப்பான். ஓரிடத்தில் நீர் உண்டு, அடுத்த இடத்தில் இல்லை எனின், அடைப்பு அவ்விரண்டிற்கும் இடையே உள்ளது என்பது தெளிவு. இந்நெறி மின்சுற்றுக்கும் பொருந்தும்.

மின்கிதாரின் கம்பி அதிரும்போது நுண்ணிய மின்னலை ஒன்று தோன்றுகின்றது. அதனை ஒலிபெருக்கிக்குச் செல்லும் வழியில் மாற்றி, புதியதோர் ஒலிச்சுவை ஊட்டும் சிறு பெட்டியே பெடல் எனப்படும். காலால் மிதித்து இயக்கப்படுதலின் அப்பெயர் பெற்றது. இவற்றுள் கரகரப்பொலி தரும் வகையின் வரலாறும் ஒரு பழுதிலேயே தொடங்கிற்று. அமெரிக்காவில் நாஷ்வில் நகரில் ஒரு பாடலைப் பதிவு செய்தபோது, பதிவுக் கருவியின் உறுப்பொன்று பழுதுற்று, கிதாரொலி கரகரத்தது. 1961-இல் வெளிவந்த அப்பாடலின் அவ்வொலியைப் பலரும் விரும்பினர். பொறியாளர் கிளென் ஸ்நாடி அப்பழுதின் தன்மையை ஆராய்ந்து, டிரான்சிஸ்டர்களைக் கொண்டு அதே ஒலியைத் தரும் சுற்றை அமைத்தார். 1962-இல் அது மேஸ்ட்ரோ ஃபஸ்டோன் என்னும் பெயருடன் விற்பனைக்கு வந்தது.

பாளையங்கோட்டை இளைஞன் ஒருவன், சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளைக் கொண்டு, இரண்டு சிலிக்கன் டிரான்சிஸ்டர்கள் உள்ள அத்தகைய பெடல் ஒன்றைத் தானே அமைத்தான் என்க. மறுநாள் பள்ளி விழாவில் அவன் வாசித்தல் வேண்டும். மின்கலத்தை இணைத்துக் கம்பியை மீட்டினான், ஒலி எழவில்லை. உறுப்புகளையெல்லாம் கழற்றி மாற்றிவிடலாம் என்று அவன் மனம் துடித்தது. அவ்வாறு செய்திருப்பின், மீண்டும் மீண்டும் சூடேறி நல்ல உறுப்புகளும் கெட்டிருக்கும். பலகையின் செப்புத் தடங்களும் பெயர்ந்திருக்கும். அவனோ கையை அடக்கி, கண்ணுக்கு வேலை கொடுத்தான்.

முதலில் பெடலை விலக்கி, கிதாரை ஒலிபெருக்கியில் நேரே இணைத்தான், ஒலி எழுந்தது. ஆகவே குறை பெடலினுள்ளேயே உளது. அடுத்து மல்டிமீட்டரால் அளந்தான். மின்கலம் 9 வோல்ட்டு காட்டியது. இரு டிரான்சிஸ்டர்களிலும் அடிவாய்க்கும் உமிழ்ப்பானுக்கும் இடையே ஏறத்தாழ 0.6 வோல்ட்டும், ஏற்பானில் ஏறத்தாழ 4.5 வோல்ட்டும் இருந்தன. அவை செம்மையாக இயங்குகின்றன என்பது இதனால் விளங்கிற்று.

பின்னர், ஒலிபெருக்கியின் உள்வாயிலிலிருந்து வரும் கம்பியின் நுனியில் 0.1 மைக்ரோபாரட் மின்தேக்கி ஒன்றைச் சேர்த்தான். இரண்டின் தரை இணைப்புகளையும் ஒன்றாக்கினான். தோழன் கிதாரை மீட்ட, அந்நுனியால் சுற்றை வரிசையாகத் தொட்டு வந்தான். உள்வாயிலில் ஒலி இருந்தது. முதல் டிரான்சிஸ்டரின் ஏற்பானில் அது பெருகி ஒலித்தது. இரண்டாவதன் அடிவாயிலோ ஒலி இல்லை! இரண்டிற்கும் இடையே இருந்தது ஒரு மின்தேக்கியே. நேர்மின்னோட்டத்தைத் தடுத்து, ஒலியலையை மட்டும் கடத்துவது அதன் தொழில். ஆதலின் அதன் இணைப்பு விட்டபோதும், வோல்ட்டு அளவுகள் மாறாதிருந்தன.

உற்று நோக்கினான். மின்தேக்கியின் ஒரு காலில் ஈயப்பற்று பளபளப்பின்றி உருண்டு நின்றது, உலோகத்தோடு ஒட்டவில்லை. மின்கலத்தைக் கழற்றிவிட்டு, அவ்வொரு முனையை மட்டும் சூடாக்கிப் புதிய ஈயம் வைத்தான். கரகரப்பொலி கணீரென எழுந்தது. புதிய உறுப்பு ஒன்றேனும் வாங்க நேரவில்லை.

சுவரிலுள்ள மின்சாரத்தால் இயங்கும் ஒலிபெருக்கியை மட்டும் மாணவர் திறத்தல் ஆகாது. அது உயிருக்கு இடர் தரும்.

நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே அதனைத் தணிக்கும் வழியை நாடுதல் வேண்டும் என்று மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த முறையும் இதுவே. பழுது கண்டு பதறுவோர் நல்லதையும் கெடுப்பர். நின்று ஆராய்வோர் கெட்டதையும் நன்றாக்குவர்.

வினாக்கள்

1. கடைமடைக்கு நீர் வாராதபோது உழவன் செய்வது யாது?
2. வோல்ட்டு அளவுகள் சரியாக இருந்தும் ஒலி எழாமைக்குக் காரணம் என்ன?
3. இளைஞன் உறுப்புகளையெல்லாம் மாற்றியிருப்பின் என்ன நேர்ந்திருக்கும்?