விதியா, கூட்டமா, நானா? – தனிமனித நடத்தையில் குழுவின் செல்வாக்கு



பரீட்சைப் பெறுபேறு வெளிவரும் நாட்களில் நமது வீடுகளில் அடிக்கடி கேட்கும் சொல் 'தலையெழுத்து'. பிள்ளை ஒன்பது பாடங்களிலும் 'ஏ' எடுத்தால் அது பிள்ளையின் முயற்சி. கணிதத்தில் தவறிவிட்டால் தலையெழுத்து. இரண்டையும் ஒரே வாயால் சொல்கிறோம். இந்த முரண்பாட்டிலிருந்துதான் இப்பாடம் தொடங்குகிறது.

முதலில் இரண்டு சொற்களை விளங்கிக்கொள்ளுங்கள். நடப்பவை யாவும் முன்னைய காரணங்களால் ஏற்கெனவே தீர்மானிக்கப்பட்டவை, வேறு விதமாக நடந்திருக்க முடியாது என்று கூறுவது நியதிவாதம். மனிதன் இரு வழிகளில் ஒன்றைத் தானே தெரிந்தெடுக்க வல்லவன், ஆகவே அதற்குப் பொறுப்பாளியும் அவனே என்று கூறுவது சுயேச்சைக் கொள்கை.

இது மேலைநாட்டார் கொண்டுவந்த விவாதம் என்று எண்ண வேண்டாம். புத்தர் காலத்தவரான மக்கலி கோசாலரும் அவர் வழிவந்த ஆசீவகரும் நியதியை வற்புறுத்தினர். பௌத்தர் அதனைக் கடுமையாக மறுத்தனர். மணிமேகலையின் 27ஆம் காதையில் ஆசீவகவாதியும் வருகிறான். திருக்குறளில் அறத்துப்பாலின் கடைசி அதிகாரமான 38ஆம் அதிகாரம் ஊழின் வலிமையைச் சொல்கிறது. பொருட்பாலில் 62ஆம் அதிகாரமான ஆள்வினையுடைமை, சோர்வில்லாமல் முயல்பவன் ஊழையும் தோற்றோடச் செய்வான் என்கிறது. வள்ளுவர் முன்னுக்குப்பின் முரணாகப் பேசுகிறார் என்று சிலர் எழுதுவதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நமக்கு என்ன வந்து சேரும் என்பது வேறு, வந்ததை வைத்து நாம் என்ன செய்வோம் என்பது வேறு. சைவநெறி படிப்போர் கன்மத்தின் மூன்று வகைகளை நினைவுகூருங்கள். சஞ்சிதமும் பிராரத்தமும் முன்பு சேர்த்தவற்றைப் பற்றியவை. ஆகாமியம் இப்பொழுது நாம் செய்துகொண்டிருப்பது. தெரிவுக்கு இடம் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் நம்மைத் தள்ளுவது விதி மட்டுமல்ல, பக்கத்தில் நிற்பவர்களுந்தான். கிருலப்பனைச் சந்தியில் 138 பஸ்ஸிலிருந்து இறங்கிச் சற்று நேரம் நின்று பாருங்கள். சிவப்பு விளக்கு எரியும்போது எல்லோரும் நிற்பார்கள். ஒருவர் துணிந்து வீதியைக் கடப்பார். அடுத்த கணம் பத்துப்பேர் கடப்பார்கள். அந்தப் பத்துப்பேரில் எத்தனை பேர் இருபக்கமும் பார்த்தார்கள்? வகுப்பிலும் இதுவே நடக்கிறது. "விளங்கியதா?" என்று கேட்டால் நூறு பேரும் "ஓம்" என்பார்கள். விளங்காத எண்பது பேரில் ஒவ்வொருவரும் தனக்கு மட்டுந்தான் விளங்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார்!

1951ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சொலமன் ஆஷ் என்ற உளவியலாளர் இதனைச் சோதித்துப் பார்த்தார். எந்தக் கோடு எந்தக் கோட்டுக்குச் சமம் என்று சொல்ல வேண்டும். சிறுபிள்ளைக்கும் தெரியக்கூடிய விடை. ஆனால் அறையிலிருந்த மற்றவர்கள் எல்லோரும் முன்கூட்டியே பேசிவைத்து ஒரே பிழையான விடையைச் சொன்னார்கள். சோதனைக்கு உட்பட்ட நால்வரில் மூவர் ஒரு தடவையாவது கண்ணால் கண்டதை விட்டுவிட்டு மற்றவர்களோடு சேர்ந்து பிழையாகச் சொன்னார்கள். ஆனால் சரியான விடை சொல்ல ஒரேயொரு துணை இருந்தபோது இந்த இணங்கிப்போதல் மிகவும் குறைந்துவிட்டது.

அடுத்தது யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்ரான்லி மில்கிராம் 1961இல் தொடங்கிய ஆய்வு. பிழையான விடை சொல்பவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்குமாறு பங்குபற்றியவர்களுக்குக் கட்டளையிடப்பட்டது. மின்சாரம் உண்மையில் பாயவில்லை; அலறியவர் நடித்தார். அது அவர்களுக்குத் தெரியாது. 40 பேரில் 26 பேர் ஆகக்கூடிய 450 வோல்ற்று வரை சென்றார்கள். அருகிலிருந்த இருவர் "மாட்டோம்" என்று எழுந்துவிட்ட வேறொரு சோதனையிலோ, இறுதிவரை சென்றவர்கள் 40 பேரில் 4 பேர்தான். 26 என்ற எண்ணை எல்லோரும் பாடமாக்குகிறார்கள். 4 என்ற எண்ணையும் எழுதுங்கள்.

இனி நமது நகரத்துக்கு வருவோம். 1983 யூலை 23 இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் விடுதலைப் புலிகளின் தாக்குதலில் 13 படையினர் கொல்லப்பட்டனர். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பொரளை கனத்தை மயானத்தில் உடல்களை அடக்கம் செய்ய ஏற்பாடாகியது. உடல்கள் வரத் தாமதமாயின; காத்திருந்த கூட்டம் கொதிப்படைந்தது. அன்றிரவு பொரளையில் தொடங்கிய வன்செயல் மறுநாள் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை என்று நகரெங்கும் பரவியது. வெலிக்கடைச் சிறையில் 25ஆம் 27ஆம் திகதிகளில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். 29ஆம் திகதி வெள்ளிக்கிழமை, புலிகள் கொழும்புக்குள் வந்துவிட்டார்கள் என்ற வெறும் வதந்தி வன்செயலை மீண்டும் மூட்டியது. மொத்தத்தில் இறந்தோர் தொகை அரசின் கணக்கில் சில நூறு. வேறு மதிப்பீடுகள் 3,000 வரை செல்கின்றன. உங்கள் அம்மப்பா, அம்மம்மாவிடம் கேட்டால் இதைவிட நன்றாகச் சொல்வார்கள். சிலர் சொல்ல விரும்பமாட்டார்கள், வற்புறுத்தாதீர்கள்.

மாணவர் பலர் இதற்கு "கூட்டத்தின் வெறி" என்று ஒரே காரணத்தை எழுதிவிட்டுப் போகிறார்கள். அது போதாது. வந்தவர்களில் சிலரது கைகளில் வாக்காளர் இடாப்புகள் இருந்ததைப் பலரும் பதிவுசெய்துள்ளனர். எந்த வீடு தமிழருடையது என்று பெயர் பார்த்து வந்தவனை வெறி மட்டும் அழைத்து வரவில்லை; யாரோ திட்டமிட்டு இடாப்பைக் கொடுத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் கூட்டத்தின் மேல் போட்டால் திட்டமிட்டவன் தப்பிவிடுவான்.

மறுபக்கமும் உண்டு. அதே தெருக்களில், அதே வதந்திகளைக் கேட்டுக்கொண்டு, தமக்கும் ஆபத்து வரும் என்று தெரிந்தும் தமிழ்க் குடும்பங்களை வீட்டுக்குள் ஒளித்துவைத்த சிங்கள அயலவர்கள் பலர். சூழ்நிலைதான் மனிதனை முழுமையாகத் தீர்மானிக்கிறது என்றால் இவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? நியதிவாதி இதற்கும் பதில் வைத்திருப்பான்: அவர்களின் வளர்ப்பு அப்படி, நீண்டகால அயலுறவு அப்படி, அவையும் காரணங்களே என்பான். அந்தப் பதிலை முற்றாகத் தள்ளிவிட முடியாது. ஆனாலும் கதவைத் திறப்பதா, பூட்டுவதா என்ற அந்த நிமிடத்தில் திறந்தவர் ஒருவர் இருக்கிறார்.

நம்மவர் பக்கத்தையும் பேசாமல் விட்டால் பாடம் நேர்மையாகாது. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களை வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரில் கொடுத்த அவகாசம் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம். அயலில் வாழ்ந்த தமிழரிற் பெரும்பாலோர் மௌனமாக இருந்தனர். இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். துவக்குக்குப் பயந்து வாய்மூடுவது பலவந்தத்துக்குப் பணிதல். மற்றவர்கள் செய்கிறார்களே என்று தானும் சேர்வது இணங்கிப்போதல். முதலாவதில் பொறுப்பு குறைவு. ஆனால் பல வேளைகளில் இரண்டும் கலந்தே இருக்கும். அப்பொழுது எது எவ்வளவு என்று பிரிப்பது கடினம்.

சட்டம் என்ன சொல்கிறது? நமது தண்டனைச் சட்டக்கோவையின் 138ஆம் பிரிவு, குற்ற நோக்கம் போன்ற பொதுநோக்கோடு கூடும் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோரைச் சட்டவிரோதக் கூட்டம் என்கிறது. (பஸ் இலக்கத்தோடு சேர்த்து ஞாபகம் வைத்தால் மறக்காது.) 146ஆம் பிரிவின்படி, அந்தப் பொதுநோக்கத்துக்காக ஒருவர் குற்றம் செய்தால் அவ்வேளை கூட்டத்தின் உறுப்பினராயிருந்த அனைவரும் குற்றவாளிகளே. "எல்லாரும் போனார்கள், நானும் போனேன்" என்பது அங்கே விடுதலைக்கான காரணமல்ல. பல்கலைக்கழகங்களில் பகிடிவதையைத் தடைசெய்யும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தையும் இத்துடன் படியுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. நியதிவாதம், சுயேச்சைக் கொள்கை ஆகியவற்றைத் தமிழ் நூல்களிலிருந்து ஓர் உதாரணம் வீதம் தந்து விளக்குக.

2. மில்கிராமின் ஆய்வில் 26, 4 ஆகிய எண்கள் எவற்றைக் குறிக்கின்றன? இரண்டாவது எண் சிறிதாக இருப்பதற்கான காரணம் யாது?

3. உமது வகுப்பு வட்ஸ்அப் குழுவில் ஒரு மாணவியைக் கேலி செய்யும் படம் பகிரப்படுகிறது. முப்பது பேர் சிரிக்கும் முகம் போட்டுவிட்டார்கள். நீர் இன்னும் ஒன்றும் போடவில்லை. உமக்கு முன்னுள்ள தெரிவுகள் எவை? ஆஷின் ஆய்வு முடிவைப் பயன்படுத்தி எழுதுக. (மூன்றாம் வினாவுக்கு "ஆசிரியரிடம் முறையிடுவேன்" என்று ஒரு வரி எழுதினால் போதாது, குழுவில் உமது பெயரோடு என்ன எழுதுவீர் என்பதையும் எழுதுக.)