பெரிய மாட்யூலைப் பிரிப்பது எப்படி?

2024 ஜூனில் பைத்தான் நூலகமான நம்பையின் 2.0 பதிப்பு வந்தபோது, ‘நம்பை.கோர்’ என்ற உள் மாட்யூலின் பெயர் முன்னால் ஓர் அடிக்கோடு சேர்ந்து ‘நம்பை._கோர்’ ஆனது. ஆனால் பழைய பாதையை உடனே அடைத்துவிடவில்லை. எச்சரிக்கை காட்டியபடி அதுவும் இயங்கியது. பைத்தான் நூலகம் ஒன்றில் ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட கோப்பைப் பிரிக்கப் போகிறவர் பின்பற்ற வேண்டிய நெறி இது. உள்ளே எதை எங்கே மாற்றினாலும், பயனர் எழுதிய இம்போர்ட் வரி மறுநாளும் ஓட வேண்டும்.

1. முதலில் பேசுங்கள்
நிரலைத் தொடும் முன் இஷ்யூ ஒன்றைத் திறந்து, எது எந்தக் கோப்புக்குப் போகும் என்று எழுதிப் பராமரிப்பாளர்களின் ஒப்புதலைப் பெறுங்கள். அதே கோப்பைத் திருத்தும் பிறரின் புல் ரெக்வெஸ்ட்டுகள் காத்திருந்தால், அவை முதலில் மெர்ஜ் ஆகட்டும். இல்லாவிட்டால் அவர்கள் உழைப்பெல்லாம் கான்ஃபிளிக்ட்டில் சிக்கிவிடும்.

2. பெயர்களைப் பட்டியலிடுங்கள்
ஆவணத்தில் உள்ள பெயர்கள் மட்டும் போதாது. கிட்ஹப்பில் தேடினால், ஆவணத்தில் இல்லாத ஃபங்ஷன்களையும் மற்றவர்கள் பயன்படுத்துவது தெரியும். பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரும் பழைய பாதையில் கிடைக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட் ஒன்றை இப்போதே எழுதுங்கள்.

3. நகர்த்துவது தனி, திருத்துவது தனி
ஒரு கமிட்டில் வரிகளை இடம் மாற்றுங்கள். பெயரையோ லாஜிக்கையோ அதில் தொடாதீர்கள். வரிகள் மாறாமல் நகர்ந்திருந்தால்தான், ‘கிட் பிளேம்’ கட்டளையைப் பெரிய ‘சி’ விருப்பத்துடன் ஓட்டும்போது அவற்றை முதலில் எழுதியவர் யார் என்று அது கண்டுபிடிக்கும். சரிபார்ப்பவருக்கும் வேலை எளிது.

4. சார்பு இல்லாதவற்றில் தொடங்குங்கள்
மாறிலிகள், எக்ஸெப்ஷன்கள், சிறு உதவி ஃபங்ஷன்கள் ஆகியவை பொதுவாக நூலகத்தின் வேறு பகுதி எதையும் இம்போர்ட் செய்யாதவை. அவற்றை முதலில் பிரித்தால் சுழல் இம்போர்ட் சிக்கல் பெரும்பாலும் வராது. மையக் கிளாஸ்களைக் கடைசியில் எடுங்கள்.

5. பழைய பாதையைத் திறந்து வையுங்கள்
பழைய கோப்பில் ‘__கெட்ஆட்டர்__’ ஃபங்ஷன் மட்டும் இருக்கட்டும். பைத்தான் 3.7 முதல் இதை மாட்யூல் அளவிலேயே எழுதலாம். யாராவது பழைய பெயரைக் கேட்டால் அது எச்சரிக்கை தந்து, புதிய இடத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும். எச்சரிக்கையில் ‘ஸ்டாக்லெவல்’ மதிப்பை 2 என வையுங்கள். அப்போதுதான் உங்கள் கோப்பைக் காட்டாமல், பயனர் மாற்ற வேண்டிய வரியைக் காட்டும். ‘டெப்ரிகேஷன்வார்னிங்’ பொதுவாகப் பயனர் கண்ணில் படாது. எல்லோரும் பார்க்க வேண்டுமென்றால் ‘ஃபியூச்சர்வார்னிங்’ போடுங்கள்.

6. மறைந்திருக்கும் பாதைகளைத் தேடுங்கள்
பிக்கிள் கோப்பு ஒவ்வொரு கிளாஸின் மாட்யூல் பாதையையும் எழுத்தாகவே சேமிக்கிறது. பயனர் போன ஆண்டு சேமித்த மாடல், பழைய பாதை இல்லாவிட்டால் திறக்காது. பழைய பதிப்பில் ஒரு பிக்கிளை உருவாக்கி, புதிய நிரலில் திறந்து பாருங்கள். புதிய பதிப்பின் பிக்கிளைப் பழைய பதிப்பில் திறப்பவர்களும் உண்டு. அவர்களுக்காகவே நம்பை 1.26-இல் ‘_கோர்’ பாதையை முன்கூட்டியே சேர்த்தார்கள். டெஸ்ட்டுகளில் ‘மாக்.பேட்ச்’ பழைய பாதையைக் குறித்திருந்தால், டெஸ்ட் பாஸ் ஆனாலும் உண்மையான ஃபங்ஷனே ஓடிக்கொண்டிருக்கலாம். அந்த ‘மாக்.பேட்ச்’ வரிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

7. அவகாசம் கொடுங்கள்
மற்றொரு பைத்தான் நூலகமான சைகிட்-லேர்ன் 2016-இல் 0.18 பதிப்பில் ‘கிராஸ்_வேலிடேஷன்’, ‘கிரிட்_சர்ச்’ போன்ற மாட்யூல்களை ‘மாடல்_செலக்‌ஷன்’ என்பதில் சேர்த்தது. பழையவற்றை நீக்கியது 2018-இல், 0.20 பதிப்பில்தான். நீங்களும் நீக்கும் பதிப்பின் எண்ணை எச்சரிக்கையிலேயே சொல்லிவிடுங்கள். மாற்றக் குறிப்பில் பழைய பாதையையும் புதிய பாதையையும் அருகருகே வைத்து ஓர் அட்டவணையாகத் தாருங்கள். அந்த அட்டவணை இருந்தால், உங்கள் நூலகத்தை நம்பி எழுதியவர் ஒரு தேடி-மாற்றலில் வேலையை முடித்துவிடுவார்.