முருங்கை மரத்தடியில் முக்கால் மணி நேரம்

திருவள்ளூர்,
பங்குனி 20

அன்புள்ள கண்ணம்மாவுக்கு, மாமா எழுதுவது.

நீ அனுப்பிய படங்களை நேற்று ராத்திரி கம்ப்யூட்டரில் போட்டு ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும், அதனால்தான் கடிதம். சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து வந்தவள் படுக்கப் போகாமல், வீட்டுக்குப் பின்னாலுள்ள முருங்கை மரத்தடியில் கேமராவோடு நின்றிருக்கிறாய். பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

"இந்தப் புழுதி ஊரில் என்ன கிடைக்கும் மாமா, பழவேற்காடு போனால் பூநாரையாவது எடுக்கலாம்" என்று எழுதியிருந்தாய். போய்ப் பார், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பூநாரை ஏரி நடுவில் நிற்கும். உன் 300 எம்எம் லென்ஸுக்கு அது ரோஜா நிறப் புள்ளிதான். முருங்கைப் பூவுக்கு வரும் தேன்சிட்டு உனக்குப் பத்தடி தூரத்தில் இருக்கிறது, அதுவும் தினமும் வருகிறது. ஒரே பறவையை நாள் தவறாமல் பார்க்கிறவருக்குத்தான் அதன் வழக்கம் பிடிபடும். எந்தக் கிளையில் முதலில் உட்காரும், எந்தப் பூங்கொத்துக்கு அடுத்துத் தாவும் என்று தெரிந்துவிட்டால், பறவையைத் துரத்த வேண்டாம். அது வரப்போகும் இடத்தில் ஃபோகஸை வைத்துக்கொண்டு காத்திருக்கலாம்.

பதினேழாவது படத்துக்கு வருகிறேன். ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு, ஆண். உட்கார்ந்த விதம் அருமை, கண்ணும் கூர்மையாக விழுந்திருக்கிறது. ஆனால் நிறத்தை ஏற்றி ஏற்றி மார்பு மஞ்சள் நெருப்பாகிவிட்டது, உச்சந்தலைப் பச்சை பெயின்ட் அடித்த மாதிரி நிற்கிறது. ஏன் ஏற்றினாய் என்றும் புரிகிறது. அசல் படத்தில் தலை கறுப்பாக இருந்திருக்கும். அந்தப் பச்சை சாயம் இல்லை கண்ணம்மா. இறகின் நுண்ணிய அமைப்பில் வெளிச்சம் பட்டுத் திரும்பும்போது தெரிகிற மினுக்கம். சூரியன் உன் முதுகுப் பக்கம் இருந்தால் பச்சையும் ஊதாவும் தானாக எரியும், பறவைக்குப் பின்னால் இருந்தால் வெறும் கறுப்பு. படத்தில் பதியாத மினுக்கத்தை எந்த சாஃப்ட்வேரும் கொண்டுவந்து வைக்காது. நீ மரத்துக்கு மேற்கே நின்று எடுத்திருக்கிறாய், நிழல் விழுந்திருப்பதிலேயே தெரிகிறது. துவைக்கிற கல் இருக்கும் கிழக்குப் பக்கம் போய் நில். ஆறு மணிக்குத் தொடங்கி முக்கால் மணி நேரம் போதும். சித்திரை பிறந்துவிட்டால் எட்டு மணிக்கே வெயில் உச்சிக்கு ஏறின மாதிரி அடிக்கும், அலகின் நிழல் மார்பில் விழும்.

அடுத்தது வானம். பாதிப் படங்களில் பறவைக்குப் பின்னால் வெள்ளை வானம்தான். உங்கள் ஊரில் உலைப்புகையும் லாரிப் புழுதியும் சேர்ந்து காலையில் வானம் நீலமாக இருப்பதே அபூர்வம். அதனால் அண்ணாந்து எடுக்காதே. மாடிப்படியில் நாலு படி ஏறி நின்றால் பறவை உன் கண் மட்டத்துக்கு வரும், பின்னால் பக்கத்து வீட்டு வேப்பமரம் பச்சையாகக் கலங்கித் தெரியும். அப்படிக் கரும்பச்சைப் பின்னணி கிடைக்கும்போது கேமரா ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், மஞ்சள் மார்பு வெளுத்து இறகின் இழையே மறைந்துபோகும். எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைத்து வை. ஷட்டர் ஆயிரத்தில் ஒன்றுக்குக் கீழே போக வேண்டாம், அதற்காக ஐஎஸ்ஓ 1600 ஆனாலும் பரவாயில்லை. பொரிப்பொரியாக வருவதைப் பிறகு தணிக்கலாம், அசைந்துபோன பறவையை ஒன்றும் செய்ய முடியாது.

இலையெல்லாம் புழுதி என்று வருத்தப்பட்டாயே, அதற்கு ஒரு வழி உண்டு. விடியற்காலையில் செம்பருத்திச் செடிமேல் ஒரு சொம்புத் தண்ணீரைக் கையால் தெளித்துவிடு. இலை பளிச்சென்றாகும். அதைவிடப் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது. தேன்சிட்டு பெரும்பாலும் தொட்டியில் இறங்கிக் குளிக்காது, நனைந்த இலையில்தான் குளிக்கும். என் வீட்டில் போன வாரம் ஒரு பெண் சிட்டு வந்தது. ஈர இலையில் நெஞ்சை வைத்து அழுத்தி, இலை நுனிவரை சறுக்கி, கீழே விழப்போகிற சமயத்தில் சிறகடித்து மேலே வந்து, மறுபடி அதே இலையில் சறுக்கியது. கழுத்து இறகெல்லாம் ஒட்டி, சுண்டுவிரல் தடிமனுக்கு மெலிந்து தெரிந்தது. பிறகு கம்பியில் உட்கார்ந்து உடம்பை உதறியதும் பஞ்சு உருண்டையாகிவிட்டது. நான் படம் எடுக்கவே மறந்துபோனேன்.

திருத்துவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ரா ஃபைலாக எடு. வெள்ளைச் சமநிலையை முதலில் சரிசெய், வெளிச்சம் அடுத்தது, நிறத்தைத் தொடுவதானால் கடைசியில் கொஞ்சம். கூர்மையை முகத்துக்கும் இறகுக்கும் மட்டும் கொடு, பின்னணிக்குக் கொடுத்தால் சொரசொரப்பாகிவிடும். பறவை பார்க்கிற பக்கம் இடம் விட்டு வெட்டு. முடித்த படத்தை அன்றைக்கே யாருக்கும் அனுப்பாதே. மறுநாள் காலை மரத்தடியில் அசல் பறவையைப் பார்த்துவிட்டு வந்து திறந்தால், எங்கே மிகையாகிப்போனது என்று உன் கண்ணே சொல்லும். இன்னொரு பழக்கமும் வைத்துக்கொள்: படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார். அப்போதும் நன்றாக இருந்தால் வெளிச்சம் சரி என்று பொருள். நம் சென்னையில் இருந்த இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் காட்டு யானையிலிருந்து எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையில்தான் எடுத்தார். ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950 முதல் 1996இல் இறக்கும்வரை பத்தி எழுதினார். அதில் தோட்டத்துக்கு வரும் சாதாரணப் பறவைகளுக்கும் இடம் கொடுத்தார். தமிழில் எழுதியவை 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற தொகுப்பாக வந்திருக்கின்றன, என்னிடம் இருக்கிறது. வரும்போது கொண்டுவருகிறேன்.

இனி நான் சொல்லப்போவதுதான் முக்கியம். துணிக்கொடிக்குப் பக்கத்தில் கூடு தொங்குகிறது என்று சந்தோஷமாக எழுதியிருந்தாய். பல வருஷத்துக்கு முன் எனக்கும் அப்படி ஒரு கூடு கிடைத்தது. சிலந்தி நூலால் கட்டி, வாசலுக்குமேல் சின்னத் தாழ்வாரம் வைத்த பை. குறுக்கே இரண்டு இலைக்கொப்பு மறைத்தது. படம் தெளிவாக வரட்டும் என்று அதை ஒடித்துவிட்டேன். மறுநாள் காலை காகம் கூட்டைக் கிழித்துவிட்டிருந்தது. தாய்ச்சிட்டு வாயில் பூச்சியோடு அந்தக் காலிக் கொம்பைச் சுற்றிச் சுற்றி வந்தது. அன்று எடுத்த படங்களை நான் யாருக்கும் காட்டியதில்லை. 1972ஆம் வருஷத்துக் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் பறவையின் கூட்டையோ முட்டையையோ கலைப்பதையும் வேட்டை என்றே வகைப்படுத்துகிறது. சட்டத்துக்காகச் சொல்லவில்லை, அந்தத் தாய்ச்சிட்டுக்காகச் சொல்கிறேன். கூடு இருக்கும் பக்கம் கேமராவோடு போகாதே. துணியையும் குஞ்சுகள் பறந்துபோகிறவரை மாடியில் காயப்போடு. உங்கள் வீட்டுக்காரம்மாவிடமும் சொல்லிவை.

உடம்பைப் பார்த்துக்கொள், ஷிப்ட் முடிந்த காலையில் ஒரு மணி நேரமாவது முன்னதாகத் தூங்கு. வாரத்தில் மூன்று நாள் மரத்தடியில் நின்றால் போதும். அந்தப் பதினேழாவது படத்தின் அசல் ஃபைலை, ஒன்றும் தொடாமல், எனக்கு அனுப்பு. சித்திரை முதல் ஞாயிறு நான் வருகிறேன், துவைக்கிற கல் பக்கம் நின்று இரண்டு பேரும் எடுத்துப் பார்ப்போம்.

அன்புடன்,
உன் மாமா