வெயிலும் வியர்வையும் சைக்கிளும்

மே மாதக் கடைசியில் ஒரு நாள். கரூரிலிருந்து திருச்சிக்குச் சைக்கிளில் செல்லப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். தூரம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். கரூரைத் தாண்டியதும் அமராவதி காவிரியில் கலக்கிறது. அதன்பின் மாயனூர், மகாதானபுரம், லாலாப்பேட்டை, குளித்தலை, பெட்டவாய்த்தலை, முக்கொம்பு என்று ஆற்றை ஒட்டியே சாலை செல்கிறது. ஒரு புறம் அகண்ட காவிரியின் மணற்பரப்பு. மறு புறம் வாய்க்கால்களும் வாழைத்தோட்டங்களும். மேடு பள்ளம் அதிகமில்லை. சைக்கிளுக்கு ஏற்ற வழிதான்.

ஆனால் வெயில்? தமிழ்நாட்டில் மிகுந்த வெப்பம் பதிவாகும் இடங்களுள் கரூர் பரமத்தியும் ஒன்று. கோடையில் அங்கு 40 டிகிரி செல்சியசைத் தாண்டுவது புதிதல்ல. நம் உடலின் உள்வெப்பநிலையோ 37 டிகிரி. சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கு வெப்பம் செல்லும் என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? அப்படியானால் 40 டிகிரிக் காற்றிலிருந்து வெப்பம் நம் உடலுக்குள் அல்லவா வர வேண்டும்? பிறகு உடலின் வெப்பம் எப்படி வெளியேறுகிறது? வெளியேறாவிட்டால் என்ன ஆகும்? பயணம் புறப்படும் முன் இக்கேள்விகளுக்கு விடை காண்பது நல்லது. ஏனெனில் இது வெறும் பாடக் கணக்கு அன்று. உயிரோடு தொடர்புடைய கணக்கு.

உடல் ஓர் இயந்திரம்

50 கிலோகிராம் எடையுள்ள ஒரு மாணவர் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள் ஓட்டுகிறார் என்க. இதற்கு அவருடைய உடல் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 225 கிலோ கலோரி ஆற்றலைச் செலவிடுகிறது. இந்த ஆற்றல் முழுவதும் மிதிகட்டையைச் சென்றடைவதில்லை. தசைகள் அதில் கால் பங்கை மட்டுமே, சில சமயம் அதற்கும் குறைவாகவே, இயக்கமாக மாற்றுகின்றன. மீதி முக்கால் பங்கு, அதாவது சுமார் 170 கிலோ கலோரி, உடலுக்குள்ளேயே வெப்பமாகிவிடுகிறது.

இந்த வெப்பம் வெளியேறவே இல்லை என்று கொள்வோம். நீரின் தன்வெப்பத்தை 1 என்று கொண்டால் மனித உடலின் தன்வெப்பம் சுமார் 0.83. எனவே 50 கிலோகிராம் உடலின் வெப்பநிலையை 1 டிகிரி உயர்த்த,

50 × 0.83 = 41.5 கிலோ கலோரி போதும்.

170-ஐ 41.5-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 4 வருகிறது. ஒரே மணி நேரத்தில் உடல் வெப்பநிலை 37-இலிருந்து 41 டிகிரிக்கு ஏறிவிடும்! இதில் வெயிலின் சூட்டையும் தார்ச்சாலையின் சூட்டையும் நாம் சேர்க்கவே இல்லை. 40 டிகிரியைத் தாண்டும்போதே மூளையின் வேலை தடுமாறத் தொடங்கும். குளித்தலையை எட்டும் முன்பே நம் மாணவர் சாலையோரம் மயங்கி விழுந்திருப்பார்.

அப்படி நடப்பதில்லை. அவரைக் காப்பாற்றுவது எது?

மண்பானையின் தந்திரம்

வீட்டிலுள்ள மண்பானை நீர் கோடையிலும் குளிர்ந்திருப்பதன் காரணம் உங்களுக்குத் தெரியும். பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிகிறது. கசிந்த நீர் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய உள்ளுறை வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. நம் தோலும் இத்தகைய பானைதான். அதில் 20 லட்சம் முதல் 40 லட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் உள்ளன.

தோலின் வெப்பநிலையில் 1 கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வேண்டும். ஆகவே 170 கிலோ கலோரி வெப்பத்தை வெளியேற்ற,

170,000 ÷ 580 = 293 கிராம்

வியர்வை ஆவியானால் போதும். ஒரு பெரிய குவளை நீர், ஒரு மணி நேரத்தில் 4 டிகிரி காய்ச்சலைத் தடுத்துவிடுகிறது!

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். உடலைக் குளிர்விப்பது வியர்வை அன்று, வியர்வை உலர்வதே. நெற்றியிலிருந்து கைப்பிடி மீது சொட்டும் துளி வெப்பத்தை எடுத்துச் செல்வதில்லை. அது வீண். உண்மையில் வெயிலும் சூடான காற்றும் தரும் வெப்பத்தையும் வெளியேற்ற வேண்டும். சொட்டி வீணாவதையும் ஈடுசெய்ய வேண்டும். அதனால்தான் கோடையில் சைக்கிள் ஓட்டுபவருக்கு ஒரு மணி நேரத்தில் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை வியர்க்கிறது.

முட்டை வெந்தது, மனிதர் வேகவில்லை

இதை 18-ஆம் நூற்றாண்டிலேயே சிலர் தம் உடலைக் கொண்டே சோதித்துப் பார்த்தார்கள். லண்டனில் ஜார்ஜ் ஃபோர்டைஸ் என்பவர் அமைத்த ஓர் அறையில் காற்று அடுப்புகளால் சூடாக்கப்பட்டது. சார்லஸ் பிளாக்டன் என்ற மருத்துவர் அதனுள் சென்று பார்த்து, 1775-இல் அதுபற்றிக் கட்டுரை வெளியிட்டார். ஒரு முறை அறையின் வெப்பநிலை சுமார் 127 டிகிரி செல்சியஸ். அதில் அவர் 8 நிமிடங்கள் இருந்தார். உயிரோடு வெளியே வந்தார். அதே அறையில் வைத்த முட்டை சுமார் 20 நிமிடங்களில் கெட்டியாக வெந்துவிட்டது! துருத்தியால் காற்றை ஊதியபோது இறைச்சித் துண்டு இன்னும் விரைவாக வெந்தது.

மற்றொரு சோதனையும் உண்டு. அறையில் திறந்து வைத்த பாத்திரத்து நீர் கொதிக்கவில்லை. அதன் மேல் சிறிது எண்ணெய் மிதக்கவிட்டதும் கொதித்தது. எண்ணெய்ப் படலம் நீர் ஆவியாவதைத் தடுத்துவிட்டது. தடுத்ததும் குளிர்ச்சி போய்விட்டது. பிளாக்டன் வேகாமல் பிழைத்ததற்கு அறையின் காற்று உலர்ந்திருந்ததும் ஒரு காரணம்.

எந்த எண்ணை நம்புவது?

"இன்று வெயில் 40 டிகிரி" என்று செய்தியில் கேட்கிறோம். அந்த எண் மட்டும் நமக்குப் போதாது. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி, அதன் மீது காற்று வீசச் செய்தால் அது காட்டும் அளவு குறையும். இதுவே ஈரக்குமிழ் வெப்பநிலை. வியர்வை எவ்வளவு குளிர்விக்க முடியும் என்பதை இது சொல்கிறது.

காற்று 40 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் வெப்பநிலை சுமார் 24 டிகிரிதான். காற்று 35 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் அது சுமார் 30 டிகிரி. வெப்பமானியில் குறைவாகத் தெரியும் இரண்டாவது நாளே உடலுக்குக் கொடியது.

பிரிட்டிஷ் உடலியல் அறிஞர் ஜே. எஸ். ஹால்டேன் 1905-இல் இதைத் தெளிவாக எடுத்துக்காட்டினார். காற்று அசையாத இடத்தில் ஈரக்குமிழ் வெப்பநிலை 31 டிகிரியைத் தாண்டினால், சும்மா இருப்பவரின் உடல் வெப்பநிலையும் ஏறத் தொடங்குகிறது என்று அவர் கண்டார். 35 டிகிரி வரை மனித உடல் தாங்கும் என்ற கருத்தும் பிற்காலத்தில் இருந்தது. ஆனால் 2022-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உடல்நலமுள்ள இளைஞர்களைக் கொண்டு ஆராய்ந்தபோது, ஈரமான வெப்பத்தில் எல்லை 31 டிகிரிக்கு அருகில்தான் இருந்தது. சைக்கிள் மிதிப்பவருக்கு எல்லை இன்னும் கீழே வந்துவிடும்.

இப்போது நம் வழியைப் பாருங்கள். கரூர்ப் பக்கத்து வறண்ட நிலத்தில் வெயில் சுட்டெரிக்கும். ஆனால் வியர்வை உடனுக்குடன் உலரும். பாசனமுள்ள வாழைத்தோட்டத்தின் நடுவே நிழல் உண்டு. ஆனால் இலைகளும் ஈரமண்ணும் நீராவியை வெளிவிடுகின்றன. காற்றும் உள்ளே நுழைவதில்லை. அதனால் வியர்வை உலராமல் பிசுபிசுக்கும். இளைப்பாற ஏற்ற இடம் எது? காற்றோட்டமுள்ள சாலையோரத்துப் புளியமர நிழலே.

பின்காற்று நண்பனா?

மே மாதக் கடைசியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்குக் காற்று வீசத் தொடங்கும். நாம் போவது கிழக்கு நோக்கி. எனவே காற்று நம் முதுகில் தள்ளும். சைக்கிள் ஓட்டுபவருக்கு இது மகிழ்ச்சிதான். ஆனால் இதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது.

நாம் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறோம். பின்னாலிருந்து காற்றும் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. நமக்கும் காற்றுக்கும் இடையே உள்ள வேகம் என்ன? 15 − 15 = 0. அதாவது ஓடும் சைக்கிளில் அமர்ந்திருந்தும் காற்றில்லாத அறையில் இருப்பது போன்ற நிலைதான்! உடலை ஒட்டிய ஈரக்காற்று விலகாமல் நம்மோடேயே வருகிறது. வியர்வை உலராமல் வழிகிறது. எதிர்காற்றிலோ மிதிப்பது கடினம். ஆனால் வியர்வை நன்றாக உலரும். காற்று 39 டிகிரியாக இருந்து, 35 டிகிரித் தோலுக்குச் சிறிது வெப்பத்தைக் கொண்டுவந்தாலும், ஆவியாதல் அதைவிட அதிக வெப்பத்தை எடுத்துச் சென்றுவிடும்.

சைக்கிளை நிறுத்தியதும் திடீரென வியர்வை பெருகுவதைக் கண்டிருப்பீர்கள். அதுவரை தோன்றிய வியர்வை காற்றில் உலர்ந்துகொண்டே இருந்தது. நின்றதும் காற்று நின்றது. உள்ளே இருந்த சூடோ உடனே குறையவில்லை. பாலத்தின் ஏற்றத்திலும் இதே கதைதான்: மிதிக்கும் உழைப்பு கூடுகிறது, வேகமும் காற்றும் குறைகின்றன. ஏற்றத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவது கோழைத்தனம் அன்று, அறிவுடைமை.

பயணத்துக்கு முன்னும் பயணத்திலும்

1. விடுமுறையின் முதல் நாளிலேயே 80 கிலோமீட்டர் போக வேண்டாம். நாள்தோறும் சிறிது தூரம் வெயிலில் பழகினால், ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் வியர்வை விரைவில் தொடங்கும். அதில் உப்பின் அளவும் குறையும்.

2. விடியற்காலை 5 மணிக்குப் புறப்பட்டால் பாதி வழியிலுள்ள குளித்தலையை 9 மணிக்குள் அடையலாம். வெப்பம் உச்சத்தை அடைவது நண்பகலில் அன்று, பிற்பகல் 2 மணி முதல் 4 மணிக்குள். நிலம் சூடேறி, அது காற்றைச் சூடேற்ற நேரமாகிறது. மாலையில்தான் மறுபாதியைத் தொடர வேண்டும்.

3. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அடிக்கடி சிறிது சிறிதாகக் குடியுங்கள். வியர்வையோடு உப்பும் போகிறது. பல மணி நேரம் வெறும் நீரையே அளவின்றிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து வேறு தொல்லை வரும். உப்பிட்ட நீர்மோரும் கஞ்சியும் நல்லவை. ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்தும் குடிக்கலாம்.

4. தளர்ந்த வெள்ளைப் பருத்தி ஆடை அணியுங்கள். தலையில் ஈரத்துண்டு இருக்கட்டும். வியர்வை செய்யும் வேலையில் ஒரு பகுதியை அந்த நீர் செய்யும்.

5. தனியே செல்லாதீர்கள். உடன் வருபவர் உளறினாலோ, தள்ளாடினாலோ, கேட்டதற்குப் பொருத்தமின்றிப் பதில் சொன்னாலோ அது வெறும் களைப்பு அன்று, வெப்பவாதமாக இருக்கலாம். வியர்வை நின்றிருக்கலாம், நிற்காமலும் இருக்கலாம். உடனே நிழலில் கிடத்தி, உடல் முழுவதும் நீரை ஊற்றி, விடாமல் விசிறுங்கள். 108-க்குச் சொல்லுங்கள். மயங்கியவரின் வாயில் நீர் ஊற்றக்கூடாது. வண்டி வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தக்கூடாது. இந்தச் சில நிமிடங்களே உயிரைக் காக்கும்.

செய்து பாருங்கள்

ஆய்வுக்கூடத்தில் பயன்படும் வெப்பமானிகள் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். (காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி உதவாது.) ஒன்றின் குமிழில் மட்டும் நனைத்த மெல்லிய துணியைச் சுற்றுங்கள். இரண்டையும் நிழலில் தொங்கவிட்டு, ஓலை விசிறியால் ஐந்து நிமிடம் விசிறுங்கள். உலர்ந்த வெப்பமானி இறங்காது. விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை! ஈர வெப்பமானி மட்டும் இறங்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு வாரம் காலையிலும் பிற்பகலிலும் குறித்து வாருங்கள். வேறுபாடு மிகக் குறைந்திருக்கும் வெக்கையான நாளில் நெடும்பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

சிந்தியுங்கள்

1. மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் திருச்சியிலிருந்து கரூருக்குத் திரும்புகிறீர்கள். எதிர்காற்றின் வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர். உங்கள் உடல் உணரும் காற்றின் வேகம் என்ன?

2. கரூரில் நீரை நன்கு குளிரவைக்கும் மண்பானை, கடற்கரையிலுள்ள நாகப்பட்டினத்தில் அவ்வளவு குளிரவைப்பதில்லை. ஏன்?

3. ஒரு மணி நேரத்தில் 600 கிராம் வியர்வை வெளிப்பட்டு, அதில் 400 கிராம் மட்டுமே ஆவியானது. உடலிலிருந்து வெளியேறிய வெப்பம் எத்தனை கிலோ கலோரி? மீதி 200 கிராமால் உடலுக்குக் கிடைத்தது என்ன, இழந்தது என்ன?